புதுப்பிப்பு: கலை சிகிச்சை படிப்பு பற்றி முன்பு கேட்டிருந்தேனே

"ஓவியம் நன்றாக வரும், கலை சிகிச்சையாளர் ஆக அது போதுமா?" என்று முன்பு கேட்டிருந்தேன். (ஓவியம் போன்ற கலை வழியாக மனநலத்துக்கு உதவும் சிகிச்சைதான் கலை சிகிச்சை.) பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது ஓர் அறிமுக வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போதாது. பிரிட்டனில் 'கலை சிகிச்சையாளர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட முதுகலைப் படிப்பை முடித்துப் பதிவு செய்தவர்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் முதுகலைதான் நுழைவுத் தகுதி. மூத்தவர் மேற்பார்வையில் நேரடிப் பயிற்சியும் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பொருட்களைப் பற்றிய பாடம். பென்சில் கைக்கு அடங்கும், பதற்றத்தில் இருப்பவருக்குத் தெம்பு தரும். நீர்வண்ணம் தன் போக்கில் பரவும், உணர்ச்சியைச் சட்டென்று கிளறிவிடும். பெரிய அதிர்ச்சியில் இருப்பவரிடம் எதை முதலில் நீட்டுவது என்பதே ஒரு சிகிச்சை முடிவு. வகுப்பில் ஒருவர் தாளின் மூலையை மட்டும் கறுப்பாகத் தேய்த்திருந்தார். ஆசிரியர் அதற்கு அர்த்தம் சொல்லவில்லை. "இந்த இடத்தைப் பத்திச் சொல்றீங்களா?" என்றார், அவ்வளவுதான். வரைந்தவர் வெகுநேரம் பேசினார்.

அப்புறம், பலன் உண்டா என்று கேட்டவருக்கு: 2016-இல் வெளியான ட்ரெக்ஸெல் பல்கலைக்கழக ஆய்வில், 45 நிமிடம் கலையில் ஈடுபட்ட 39 பேரில் சுமார் 75 சதவீதம் பேருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஆனால் வரையத் தெரியாதவர்களுக்கும் குறைந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை.