நெஞ்சில் பேட்டரி வைத்தவருக்கு ஷாக் விழுந்த பிறகு வரும் பயம்: எங்கிருந்து தொடங்குவது?

தோட்ட டிரெசர்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டம்; அதன் மருத்துவ உதவியாளன் நான். குலை வெட்டும் ஆள் ஒருவர், வயது 52. இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே ஐ.சி.டி. (ஆபத்தான இதயத் துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் கருவி) வைத்து எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் குளித்துக்கொண்டிருந்தபோது அடுத்தடுத்து இரண்டு ஷாக். வார்டில் வைத்துப் பார்த்து, மருந்தைக் கூட்டி அனுப்பிவிட்டார்கள். உடம்பு தேறிவிட்டது, ஆள் தேறவில்லை. தனியாகக் குளிப்பதில்லை. பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வருவதில்லை, கோயில் வரைகூட நடப்பதில்லை. எந்நேரமும் மணிக்கட்டில் விரல். பேரப்பிள்ளையைத் தூக்கினால் கரண்ட் அடித்துவிடும் என்கிறார். தூக்கத்துக்கு ராத்திரி சம்சு (மலிவுச் சாராயம்). மனைவி ஒரு நிமிடம் விட்டு நகர்வதில்லை. நான் எங்கிருந்து தொடங்குவது?

ஐ.சி.டி. கிளினிக் டெக்னீஷியன்:

டிரெசர் ஐயா, அந்த ஷாக் இரண்டும் எதற்கு விழுந்தன என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? அதிலிருந்து தொடங்குங்கள். ஷாக்குக்கு முந்திய துடிப்பு வரிகளைக் கருவி சேமித்து வைத்திருக்கும். புரோகிராமரில் (கருவியைப் படித்து செட்டிங் மாற்றும் கிளினிக் கணினியில்) எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். இதயத்தின் கீழறையில் உண்மையிலேயே ஆபத்தான துடிப்பு வந்து கருவி உயிரைக் காப்பாற்றியிருக்கும். இல்லையென்றால், மேலறையின் தாறுமாறான வேகத்தைக் கீழறையுடையது என்று எண்ணி அடித்திருக்கும். அதுவும் இல்லையென்றால், கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயரில் கீறல் விழுந்து, அந்த இரைச்சலைத் துடிப்பென்று எண்ணி அடித்திருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. காரணம் தெரியாதவரை பழி குளியலறை மேல்தான் விழும்.

தூக்கத்தில் ஷாக் விழுந்ததாகத் துள்ளி எழுபவர்களும் உண்டு. கருவியில் ஒன்றும் பதிவாகியிருக்காது. அது நடிப்பு இல்லை, அவருக்கு அந்த அடி நிஜமாகவே விழுந்த மாதிரிதான் இருக்கும். பதிவை எடுத்துக் கண்ணுக்கு நேரே காட்டினால் பாதி அடங்கும்.

அடுத்தது அவருடைய எண். எந்த வேகத்துக்கு மேல் கருவி கவனிக்கத் தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள். பலருக்கு நிமிடத்துக்கு 188 அல்லது 200. பயத்தில் துடிப்பு 110, 120 போகலாம். துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அவ்வளவுகூடப் போகாது. நெஞ்சு படபடத்தால் கருவி அடித்துவிடும் என்ற கணக்கே தப்பு. எண்ணைத் தாண்டினாலும், பெரும்பாலான செட்டிங்கில் முதலில் வலி தெரியாத வேகத் துடிப்புகளைக் கொடுத்து அடக்கப் பார்க்கும். அடங்காவிட்டால்தான் ஷாக். 2012-இல் வெளிவந்த, ஐ.சி.டி. செட்டிங் பற்றிய மேடிட்-ரிட் ஆய்வுக்குப் பிறகு அந்த எல்லையை உயர்த்தியோ, காத்திருக்கும் நேரத்தை நீட்டியோ வைப்பது பரவலாகிவிட்டது. அவருடையதை மாற்றலாமா என்று கேட்பதில் தப்பில்லை.

சம்சுதான் எனக்குக் கவலை. மேலறைத் துடிப்பைக் கிளப்பிவிடுவதில் மது கெட்டிக்காரன், தேவையில்லாத ஷாக்குக்கு நேர்வழி. ஆனால் தினம் குடிப்பவர் ஒரேயடியாக விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். டாக்டர் மேற்பார்வையில் குறையுங்கள்.

மனநலத் தாதி:

குளிக்கும்போது அடி விழுந்ததால் மனம் குளியலையும் அடியையும் முடிச்சுப் போட்டுவிட்டது. ஒதுங்க ஒதுங்க முடிச்சு இறுகும். இதய டாக்டர் சரி என்ற பிறகு இப்படி அவிழ்க்கலாம்: மூன்று நாள் முக்காலியில் உட்கார்ந்து, கதவைத் திறந்துவைத்துக் குளிக்கட்டும், மனைவி வாசலில். அப்புறம் கதவைச் சாத்தி, தாழ் போடாமல், மனைவி அடுப்படியில். பிறகு மனைவி பக்கத்து வீட்டில். ஒவ்வொரு முறையும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அவரே மார்க் போடட்டும். அது பாதியானால் அடுத்த படி. பயம் இறங்குவதற்குள் வெளியே ஓடிவந்தால் அன்றைய முயற்சி வீண்.

இதில் இடறுவது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான். மனைவி கூடவே நிற்பது பாசம்தான், ஆனால் “உனக்கு ஆபத்து” என்று நாள் முழுக்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். ஷாக் நேரத்தில் தொட்டுக்கொண்டிருப்பவருக்குச் சுருக்கென்று இருக்கலாம், கெடுதல் எதுவும் வராது. பேரப்பிள்ளை விஷயத்தை டாக்டர் வாயால் சொல்லவையுங்கள்.

நாடி பார்ப்பதைக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று குறையுங்கள். நடை, லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலிலிருந்து 5 நிமிடம். வாரம் 5 நிமிடமாகக் கூட்டி 30 வரை. துடிப்பு அவருடைய எண்ணுக்கு 20 கீழேயே நிற்கட்டும்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் வெறும் பயம் என்று விடாதீர்கள், அது மனச்சோர்வாக இருக்கலாம். மாத்திரை எழுதுபவரிடம் ஐ.சி.டி. அட்டையைக் காட்ட வேண்டும். சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளியை நீட்டும்; அது ஆபத்தான துடிப்பைக் கிளப்பலாம். பேச ஆள் வேண்டுமென்றால் ஹீல் மனநல உதவி எண் 15555. சாவுப் பேச்சு வந்தால் துணையோடு நேரே அவசரப் பிரிவு.

தோட்ட டிரெசர்:

நன்றி அக்கா. மறுபடி ஷாக் விழுந்தால்? வெட்டுக்குத் திரும்பலாமா?

ஐ.சி.டி. கிளினிக் டெக்னீஷியன்:

ஒரு ஷாக், ஆள் நன்றாக இருக்கிறார்: கிளினிக்குக்கு ஃபோன் போட்டு, அன்றோ மறுநாளோ காட்டுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டோ அதற்கு மேலோ, அல்லது ஒன்றே விழுந்தாலும் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்: 999-இல் ஆம்புலன்ஸ். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டுங்கள். என்ன செய்வதென்று தெரிந்திருந்தாலே பயம் கொஞ்சம் இளகும். அவரும் மோட்டார் ஓட்டக்கூடாது; ஷாக்குக்குப் பிறகு 3 முதல் 6 மாதம் என்பார்கள், டாக்டரிடம் உறுதி செய்யுங்கள்.

வெட்டு கஷ்டம். கருவியே தாங்கினாலும், அரிவாள் கம்பைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி இழுத்தால் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் ஒயர் நசுங்கும். முதுகில் மாட்டும் புல்வெட்டு இயந்திரமும் வேண்டாம். பெட்ரோல் எஞ்சினின் இக்னிஷன் கருவியிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதற்காகக் கையையே அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும், அதுவும் நடக்கிறது. நாற்றங்கால், எடைபோடுதல், கணக்கு மாதிரி வேலை கேட்டுப்பாருங்கள்.

மருத்துவச் சமூகநலப் பணியாளர்:

வேலை மாற்றத்துக்கு சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் இருக்கிறது. சந்தா கட்டிய ஆள் என்றால் விண்ணப்பியுங்கள். கங்காணியிடம் வாய்வார்த்தை போதாது, டாக்டர் கடிதத்தில் எந்த வேலை கூடாது என்று தெளிவாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் கேட்கத் தயங்குவது. “எரிக்கும்போது இது என்னாகும்?” என்பது பலர் மனதில் ஓடும். தகனத்துக்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். மருத்துவமனையிடமும் மின்சுடலைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைசிக் காலத்தில் ஷாக்கை மட்டும் நிறுத்திவைக்கவும் முடியும், அதற்கு அறுவைசிகிச்சை வேண்டியதில்லை, புரோகிராமரிலேயே அணைத்துவிடுவார்கள். அவராகக் கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள், ஐயா.