லேப் டெக்னீஷியன் படிப்பில் ஆஸ்பத்திரி போஸ்டிங்: தெரிந்தவர்கள் சொல்வது

லேப் பொறுப்பாளர், மார்த்தாண்டம்:
ரப்பர் கையில் எவ்வளவு குத்திப் பழகினாலும், உடம்பு வற்றிய 70 வயதுப் பாட்டியின் நரம்பு விரலுக்குத் தட்டுப்படப் பழகுவது போஸ்டிங்கில், அதாவது ஆஸ்பத்திரி லேபில் நின்று பெறும் பயிற்சியில்தான். அதற்காகவே இதை விடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றோடு வருபவர்கள் கூடி நிற்கும்போது தவறுவது ட்யூப் வரிசை. முதலில் நீல மூடி, பிறகு சிவப்பு, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ பொட்டாசியம் உப்பு, கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதில் எடுத்ததைச் சிவப்பில் கொஞ்சம் ஊற்றினாலே பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி ரிசல்ட் வரும். இல்லாத நோய்க்கு மருந்து போகும். நீல ட்யூபில் ரத்தம் ஒன்பது பங்கு, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் ரத்தம் உறையும் நேரம் கூடுதலாகக் காட்டும். நரம்பு தெரியக் கையில் இறுக்கும் கட்டு ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

நம்ம கடற்கரை ஊர்களில் ஒரே காலையில் இரண்டு மரியா, மூன்று அந்தோணி வருவது சாதாரணம். "மரியாதானே?" என்று கேட்டால் காது கேட்காதவரும் தலையாட்டுவார். பெயர், வயசு, ஊர் மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஸ்டிக்கரை அவர் பக்கத்தில் நின்றே ஒட்டுங்கள் மக்களே.

பயிற்றுநர், நாகர்கோவில்:
அண்ணன் சொன்னதற்கெல்லாம் முன்னால் தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ். படிப்பில் சேர்ந்த மாதமே தொடங்கினால்தான் போஸ்டிங்குக்கு முன் முடியும். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் (தடுப்பூசி பிடித்ததா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். 10-க்குக் குறையக் கூடாது. ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, யாருக்குப் போட்ட ஊசி என்று குறித்து, அப்போதே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தால் அந்த நேரம் போய்விடும்.

படிப்பை முடித்தவர், தக்கலை:
பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பஸ் செலவும் நம்முடையது. சில இடங்களில் பில் போடவும் சாம்பிள் தூக்கவும் மட்டுமே நிறுத்திவிடுவார்கள். ரத்தம் எடுப்பது, ஹெமட்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி ஒவ்வொன்றிலும் எத்தனை வாரம் என்று சேரும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். செய்த வேலையைக் குறிக்கும் லாக் புக்கில் பொறுப்பாளரின் கையெழுத்து அன்றன்றே. மாதக் கடைசியில் போனால் ஷிப்ட் மாறியிருக்கும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டத்தால் கை பழகும். சின்ன லேபில் ஒரு மெஷினை, காலையில் கன்ட்ரோல் (அளவு தெரிந்த சாம்பிள்) ஓட்டி மெஷின் சரியா என்று பார்ப்பது தொடங்கி, முழுசாகப் படிக்கலாம். இரண்டும் பாதிப் பாதி கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.