நிலக்கரி ஏற்றும் சைடிங்கும் வரைபடத்தில் இல்லாத ஓடைகளும்

நீர்வழி ஆய்வில் தாம் கண்டவற்றை நண்பர்கள் எழுதிவருவதைப் படித்தபோது, வட கரண்புரா நிலக்கரி வயலில் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஜார்க்கண்டில், தாமோதர் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில் இருக்கும் இவ்வயலின் நிலக்கரியை வெளியே கொண்டுசெல்லவே தோரி–சிவ்பூர் ரயில் பாதை போடப்பட்டது. அந்த வட்டாரத்தில் அமையவிருந்த ஒரு சைடிங் (சரக்கு ரயில் நின்று நிலக்கரி ஏற்றும் கிளைப்பாதை), சுற்றியுள்ள ஓடைகளை எவ்வாறு பாதிக்கும் என்று மதிப்பிட்ட குழுவில் நானும் இருந்தேன்.

நாங்கள் சென்றது மார்ச் மாதம். சுரங்கத் திட்டங்களின் தாக்க மதிப்பீட்டுக்கு மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத்தின் தரவே அடிப்படையாகக் கேட்கப்படுகிறது. தூசியை அளக்க அது பொருந்தும். ஆனால் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும் நாட்டில், மார்ச் மாதத்து ஓடை என்பது சருகு மூடிக் கிடக்கும் பள்ளமே. 1:50,000 அளவுள்ள நில வரைபடத்தில் அவ்விடத்தைக் கடந்தவை இரண்டு நீலக்கோடுகள் மட்டுமே. அங்கே ‘தோன்’ என்று சொல்லப்படும் தாழ்நில நெல் வயலின் வரப்பில் நின்றிருந்த மூதாட்டி ஒருவர், எங்களுடன் மேட்டோரமாக நடந்துவந்து, மழையில் தண்ணீர் இறங்கும் இடங்களைக் கையால் சுட்டிக்காட்டினார். எண்ணிப் பார்த்தபோது ஏழு இருந்தன. ஒவ்வொன்றிலும் வேர்கள் வெளியே தெரிய மண் அரிக்கப்பட்டிருந்தது. முதல் நாள் அவற்றைத் தாண்டிப் போயும் நாங்கள் கவனிக்கவில்லை.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், ஒரு முழு ரேக், அதாவது ஒரு சரக்கு ரயிலின் முழுப் பெட்டி வரிசை, நிற்பதற்குச் சுமார் 700 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய மட்டமான பாதை வேண்டும். சரிவான நிலத்தில் அதை அமைக்க, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிக் கரை எழுப்புகிறார்கள். அந்தக் கரை தன் வழியில் உள்ள எல்லா ஓடைகளையும் மறிக்கிறது. வடிவமைப்பில் வரைபடத்தின்படி இரண்டே சிறுபாலங்கள் இருந்தன. மீதி ஐந்தின் நீரும் பக்கவாய்க்கால் வழியாக அந்த இரண்டுக்கே திருப்பப்படும். அப்போது இரண்டு ஓடைகள் தாங்க முடியாத வெள்ளத்தில் கரை உடைந்து அகலும், ஐந்து ஓடைகளின் கீழுள்ள வயல்கள் வரத்து இழக்கும்.

வெள்ளத்தின் அளவும் மாறுகிறது. மணிக்கு 50 மி.மீ. மழையில், மரமும் புதரும் நிறைந்த 20 ஹெக்டேர் நிலத்திலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 0.8 கன மீட்டர் நீர் ஓடிவரும் என்றால், அதே நிலத்தைக் கெட்டித்து நிலக்கரியைக் குவித்து வைக்கும் முற்றமாக்கிய பின் அது 2.2 கன மீட்டருக்கு மேல் போகும் என்று கணக்கிட்டோம்.

என்னை அதிகம் கவலைப்படுத்தியது நிலக்கரித் துகள். ஜூலையில் என் சொந்த முயற்சியில் மீண்டும் போய், அருகில் ஏற்கெனவே இயங்கிய ஒரு முற்றத்தின் வடிகாலில் கண்ணாடிப் புட்டியில் நீர் எடுத்து, தங்கியிருந்த அறையின் ஜன்னலில் வைத்தேன். செம்மண் ஒரு மணி நேரத்திற்குள் அடியில் படிந்துவிட்டது. அதன் மேல் நின்ற நீர் மறுநாள் காலையிலும் கருத்தே இருந்தது. காரணம் எளிது: மண் துகளின் ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 2.65, நிலக்கரியினுடையது 1.5 அளவில்தான். நீரின் 1-ஐக் கழித்தால் மிஞ்சுவது 1.65-உம் 0.5-உம், ஆகவே ஒரே பருமனுள்ள துகள்களில் நிலக்கரித் துகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்திலேயே கீழே இறங்கும். மண்ணைக் கணக்கில் கொண்டு வெட்டிய வண்டல் தொட்டி (வடிகால் நீரைத் தேக்கித் துகள்களைப் படியவைப்பது) நிலக்கரிக்கு மும்மடங்கு பரப்பில் இருக்க வேண்டும். வெளியேற்றும் நீரில் மிதக்கும் திண்மங்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பைச் சராசரி நாளில் காத்துவிடலாம். முதல் பெருமழையில் காக்க முடியாது. அந்த முதல் மழைதான் கோடை முழுவதும் சேர்ந்த தூளை அடித்துக்கொண்டு தாமோதரை நோக்கிப் போகிறது.

தொட்டியின் பரப்பு பற்றிய எங்கள் பரிந்துரை ஏற்கப்பட்டது. சிறுபாலங்களில் கூடுதலாக மூன்று மட்டுமே சேர்க்கப்பட்டன. விடுபட்ட இரண்டு ஓடைகளின் கீழுள்ள தோன் வயல்களில் நாற்று நட முடிந்ததா என்று பார்க்க, வரும் ஆகஸ்டில் மறுபடியும் போகிறேன்.