ஹகோனே மலை ரயில் பல்சக்கரம் இல்லாமல் ஏறுவது எப்படி?

கேள்வி: வணக்கம். ஜப்பானின் ஹகோனே மலை ரயில், 1,000 மீட்டருக்கு 80 மீட்டர் உயரும் சரிவில், பல்சக்கரத்தின் (பற்களுள்ள நடுத்தண்டவாளத்தைக் கவ்வி ஏற உதவும் சக்கரம்) துணையின்றியே ஏறுகிறது என்று படித்தேன். சக்கரம் வழுக்காதா?

மறுமொழி: 1919இல் திறக்கப்பட்ட இந்த மலைப்பாதை, கடைசி நிலையமான கோராவை அடையுமுன் மூன்று இடங்களில் திசை மாறி, முன்னும் பின்னுமாக ஏறுகிறது, ஒவ்வொரு முறையும் ஓட்டுநரும் கார்டும் முனை மாறிக்கொள்வார்கள்.

மறுமொழி: என்னை வியக்க வைத்தது தண்ணீர்தான். வெறும் 30 மீட்டர் ஆரமுள்ள வளைவுகளில் தண்டவாளம் தேயாதிருக்க எண்ணெய் பூசினால், சரிவில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், பெட்டியிலேயே தொட்டி வைத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு செல்கிறார்கள்.

மறுமொழி: 2019 அக்டோபர் புயலில் சிதைந்த பாதை, 2020 ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. ஜூன் இறுதியில் செல்லுங்கள். ஹைட்ராஞ்சியா பூங்கொத்துகள் சன்னலுக்கு அருகிலேயே பூத்திருக்கும்.