லியோன் கதீட்ரல் பாட்டுப் புத்தகம்: குறியீடு இருந்தும் ஏன் பாட முடியல?

குருத்தோலை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பங்குக் கோவில் பாடகர் குழுவுல கொஞ்சம் கிரிகோரியன் சாண்ட் (ரோமன் முறையோட பழைய லத்தீன் பாட்டு) பாடுறோம், அந்த நாலு கோடு சதுர நோட்டு நோட்டேஷன் எனக்கு நல்லாவே படிக்க வரும். சமீபத்துல ஸ்பெயின்ல லியோன் கதீட்ரல்ல இருக்குற 10-ஆம் நூற்றாண்டு ஆன்டிஃபோனரோட (வழிபாட்டுப் பாட்டுப் புத்தகம்) ஸ்கேன் பக்கங்கள் நெட்ல பாத்தேன், அதுலேருந்து வேற எதுலயும் மனசு போகல. லத்தீன் வரிக்கு மேல மெல்லிசா குச்சி மாதிரியும் கொக்கி மாதிரியும் சுழி மாதிரியும் குறிகள், கோடுன்னு ஒண்ணுகூட கெடையாது, சில இடத்துல எடம் பத்தாம அந்தக் குறிகள் மார்ஜின்ல நிமிர்ந்து மேல ஏறிப் போகுது. இவ்ளோ கவனமா எழுதியிருக்காங்க, ஆனா இதுல இருக்குற மெட்டு ஒண்ணும் இப்ப யாருக்கும் தெரியாது, பாடவே முடியாதுன்னு சொல்றாங்க.

எனக்குப் புரியாதது இதுதான். சுவிட்சர்லாந்துல சாங்க்ட் காலன் மடத்துப் பிரதிகளும் அதே காலம், அதுலயும் கோடு இல்ல, அதை மட்டும் எப்படிப் படிச்சுப் பாடுறாங்க? ஸ்பெயின்காரங்க குறியீடு அவ்ளோ மட்டமா? இந்தப் புத்தகத்தோட கதை தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

சுரக்கோடு:

மட்டமெல்லாம் இல்லைங்க. சாங்க்ட் காலன்ல 359-ஆம் நம்பர் கான்டடோரியம்னு ஒரு பாடகர் புத்தகம் இருக்கு, ஏறக்குறைய 922-925ல எழுதினது, அதை மட்டும் தனியா கையில குடுத்தா உலகத்துல எந்தப் பாடகராலயும் மெட்டு எடுக்க முடியாது. அந்தக் குறிகளுக்கு நியூம்னு பேர். இந்த எழுத்துக்கு எத்தனை சுரம், அடுத்தது மேல போகுதா கீழ எறங்குதா, இவ்ளோதான் அது சொல்லும். எவ்ளோ மேல, எந்த சுரத்துல ஆரம்பிக்கணும்னு சொல்லாது. பாட்டு ஏற்கனவே மனப்பாடமா இருக்குறவனுக்கு ஞாபகப்படுத்தத்தான் அது, புதுசா கத்துக்க இல்ல.

அப்ப சாங்க்ட் காலன் பாட்டு எப்படித் தெரியும்னா, அதே ரோமன் பாட்டுகளை ஐரோப்பா முழுக்க நிறுத்தாம பாடிக்கிட்டே இருந்தாங்க, 11-ஆம் நூற்றாண்டுல இத்தாலில குய்டோங்கற துறவி கோடு போட்டு எழுதுற முறையைக் கொண்டு வந்தப்ப அதே மெட்டுகளைக் கோட்டுல ஏத்திட்டாங்க. பத்து வருஷம் படிச்சாலும் சரியா வராத பாட்டை ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு வருஷத்துல கத்துக்கலாம்னு குய்டோவே எழுதியிருக்கார். பின்னால வந்த கோடு போட்ட பிரதியையும் முன்னால இருந்த கோடில்லாத பிரதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா குறி எங்க ஏறுதோ அங்க மெட்டும் ஏறுது, அப்படித்தான் படிக்கிறாங்க. பிரான்ஸ்ல மோன்பெலியே மெடிக்கல் ஃபேக்கல்டி லைப்ரரில இருக்குற ஹெச் 159 பிரதியையும் பாருங்க, 11-ஆம் நூற்றாண்டு, டிஜோன்ல எழுதினது, நியூமும் இருக்கு, கூடவே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு லத்தீன் எழுத்தும் இருக்கு, பதினஞ்சு எழுத்துல ரெண்டு ஸ்தாயி முழுக்க அடக்கிட்டாங்க. 1847ல டான்ஜூங்கறவர் அதைக் கண்டுபிடிச்சப்ப ஆராய்ச்சிக்காரங்களுக்கு சாவியே கெடச்ச மாதிரி ஆயிடுச்சு.

லியோன் பிரதிக்கு அந்த மாதிரி சாவி வரல. ஏன்னு சரித்திரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

பழையஏடு:

இந்தப் புத்தகத்தைப் பத்தி யாராவது கேக்க மாட்டாங்களான்னு ரொம்ப நாளா இருந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

இது ரோமன் பூசைக்கான புத்தகமே இல்ல. ஸ்பெயின்ல முஸ்லிம் ஆட்சிக்கு முன்னால ஆண்ட விசிகோத் ராஜாக்கள் காலத்துலேருந்து தனி வழிபாட்டு முறை ஒண்ணு இருந்துச்சு, மொசராபிக்னு சொல்வாங்க, இப்ப ஆராய்ச்சிக்காரங்க பழைய ஹிஸ்பானிக்னு சொல்றாங்க. 633ல டொலேடோல நடந்த நாலாவது ஆயர் சங்கத்துல ஸ்பெயின் முழுக்க ஒரே ஜெபமுறை, ஒரே பாட்டுமுறைன்னு முடிவு பண்ணினாங்க, அதுக்குத் தலைமை தாங்கினவர் செவில் ஆயர் இசிதோர். அதே இசிதோர்தான் தன்னோட புத்தகத்துல, ஓசைகளை மனுஷன் ஞாபகத்துல வச்சுக்கலைன்னா அழிஞ்சு போயிடும், ஏன்னா அதை எழுத முடியாதுன்னு எழுதி வச்சார். அந்த வரியைப் படிச்சுட்டு லியோன் பிரதியோட பக்கத்தைப் பாத்தா எனக்கு வயித்த பெசையும்.

711க்கு அப்புறம் முஸ்லிம் ஆட்சியில இருந்த ஊர்கள்லயும் சரி, வடக்கே இருந்த சின்னச் சின்ன கிறிஸ்தவ ராஜ்யங்கள்லயும் சரி, இந்த முறை விடாம நடந்துச்சு. லியோன் ஆன்டிஃபோனர் அந்த வடக்குப் பக்கத்துல எழுதினது. 306 தோல் ஏடு, வருஷம் முழுக்க திருப்பலிக்கும் மணி ஜெபங்களுக்கும் (நாள்ல குறிச்ச நேரங்கள்ல சொல்ற ஜெபம்) வேண்டிய பாட்டெல்லாம் ஒரே கட்டுல இருக்கு, பழைய ஹிஸ்பானிக் பாட்டுப் புத்தகங்கள்ல இவ்ளோ முழுசா தப்பிச்சது வேற இல்ல. ஆரம்பத்துலயே ஒரு படம் வரும், ஒருத்தர் புத்தகத்தை இன்னொருத்தர்கிட்ட நீட்டுற மாதிரி. வாங்குறவர் இக்கிலா, மடத்துத் தலைவர். அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். 11-ஆம் நூற்றாண்டுல போப் ஏழாம் கிரிகோரி எல்லா எடத்துலயும் ரோமன் முறைதான் இருக்கணும்னு ராஜாக்களுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டார். அரகோன்ல 1071லேயே மாத்திட்டாங்க. காஸ்டீல்-லியோன் ராஜா ஆறாம் அல்போன்சோவுக்கு பிரான்ஸ்ல ரோமன் முறையில இருந்த க்ளூனி மடத்தோட நெருக்கம், அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் க்ளூனி மடாதிபதி ஹியூவோட சொந்தம். 1080ல பர்கோஸ் சங்கத்துல பழைய முறையை நிறுத்தியாச்சு. ஜனங்க லேசுல விடல. 13-ஆம் நூற்றாண்டுல டொலேடோ பேராயர் ரோட்ரிகோ எழுதின வரலாற்றுல ஒரு கதை இருக்கு, எந்த முறை சரின்னு பாக்க ரெண்டு வீரர்களை மோத விட்டாங்களாம், பழைய முறைக்காக நின்னவன் ஜெயிச்சானாம். அதுவும் பத்தலைன்னு ரெண்டு புத்தகத்தையும் நெருப்புல போட்டாங்களாம், ரோமன் புத்தகம் எரிஞ்சுபோச்சாம், டொலேடோவோட பழைய முறைப் புத்தகம் அப்படியே இருந்துச்சாம். அப்பவும் ராஜா கேக்கலையாம். நடந்ததோ இல்லையோ, நூத்தம்பது வருஷம் கழிச்சும் அந்த ஆதங்கத்தை யாரோ சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க.

தேதியைப் பாருங்க. குய்டோவோட கோடு வந்தது 1030 வாக்குல, அது ஸ்பெயினுக்குப் பரவி வர்றதுக்குள்ள பாட்டையே நிறுத்திட்டாங்க. பாடின தலைமுறை போச்சு, கோட்டுல ஏத்த ஆள் இல்ல. குறை குறியீட்டுல இல்லைங்க, பாடுறவங்க வாயை அடைச்சதுலதான் இருக்கு.

குருத்தோலை:

ரொம்ப நன்றி, இவ்ளோ இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல. ஒரு சந்தேகம், அப்ப ஒரு பாட்டுகூடவா மிஞ்சல? யூடியூப்ல மொசராபிக் சாண்ட்னு போட்டு நெறைய வருதே, அதெல்லாம் என்ன?

பழையஏடு:

இருக்கு, இருபது சொச்சம் பாட்டு. சான் மில்லான் மடத்துச் சடங்குப் புத்தகம் ஒண்ணு இப்ப மாட்ரிட்ல வரலாற்று அகாடமில இருக்கு. அதுல சில பாட்டுகளுக்கு மட்டும் பழைய நியூமை சுரண்டி எடுத்துட்டு அதே எடத்துல அக்விடேன் குறியை எழுதியிருக்காங்க. அது தெற்கு பிரான்ஸ் முறை, கோடு இல்லாட்டியும் புள்ளிகளை உயரம் பாத்து மேலயும் கீழயும் வைப்பாங்க, அதனால சுர இடைவெளி தெரிஞ்சுடும். அப்படி மாத்தி எழுதினது அடக்கச் சடங்குப் பாட்டுகள். சிலோஸ் மடத்துப் பிரதியிலயும் பெரிய வியாழன் பாதம் கழுவுற சடங்குப் பாட்டு சிலது அதே மாதிரி இருக்கு. சட்டப்படி முறை மாறினப்புறமும் சாவு வீட்டுக்கு பழைய பாட்டையே பாடியிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது, இல்லைன்னா மெனக்கெட்டு சுரண்டி எதுக்கு எழுதணும். யாரோ ஒரு துறவி உக்காந்து அதைப் பண்ணலைன்னா அந்த இருபதும் போயிருக்கும்.

சுரக்கோடு:

யூடியூப் விஷயம் நான் சொல்றேன். 1085ல அல்போன்சோ டொலேடோவைப் புடிச்சப்ப அங்க இருந்த ஆறு பங்குகளுக்கு மட்டும் பழைய முறையை விட்டு வச்சாங்க. நானூறு வருஷம் கழிச்சு அதுவும் தேய்ஞ்சு போற நிலைமை, அப்ப கர்தினால் சிஸ்னேரோஸ் 1500ல மிசால் (திருப்பலிப் புத்தகம்), 1502ல ப்ரீவியரி (மணி ஜெபப் புத்தகம்) அச்சடிச்சு, டொலேடோ கதீட்ரலுக்குள்ளயே ஒரு சாப்பல் ஒதுக்கினார். அங்க இன்னைக்கும் அந்த முறையில திருப்பலி நடக்குது. பாட்டுக்குன்னு பெரிய பெரிய புத்தகங்களும் எழுதி வச்சார், நீங்க கேக்குற ரெக்கார்டிங்ல பல அதுலேருந்து எடுத்ததுதான். ஆனா அந்த மெட்டுகளைப் பழைய நியூமோட வச்சுப் பாத்தா பெரும்பாலும் ஒத்துப் போகல. நல்ல பாட்டுதான், 1500 வாக்குல டொலேடோல பாடினதுன்னு சொன்னா சரி, 10-ஆம் நூற்றாண்டுன்னு தலைப்பு போட்டா அது பொய்.

மணியோசை:

எல்லாரும் மெட்டு போச்சுன்னே சொல்றீங்க, அதுல ஒரு பங்குதான் உண்மை. இங்கிலாந்துல பிரிஸ்டல் யுனிவர்சிட்டி பக்கம் இந்த நியூம்களை கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒப்பிட்டு வேலை பண்றாங்க. சுரம் தெரியாதுதான், ஆனா எந்தச் சொல்லுக்கு எத்தனை சுரம் குடுத்திருக்காங்க, எங்க இழுத்திருக்காங்க, எந்த எடத்துல ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருதுன்னு பாத்தா வாக்கியம் முடியுற எடத்துக்குன்னே தனி வளைவுகள் இருக்குறது தெரியுது. தவக்காலப் பாட்டுல எந்தச் சொல்லை அழுத்திக் கேக்க வைக்கணும்னு அவங்க நெனச்சாங்கங்கறது வரைக்கும் படிக்க முடியுது. என்னைக் கேட்டா இதுவே பெரிய விஷயம்.

குருத்தோலை, நீங்க பாடுற ஆளுங்கறதால ஒரு யோசனை. சான் மில்லான் அடக்கப் பாட்டுகள் சிலதை நவீன நோட்டுல 1929லேயே சிலோஸ் துறவிகள் ரோஹோவும் பிராடோவும் போட்டுக் குடுத்திருக்காங்க. பின்னால வந்த ஆராய்ச்சியில திருத்தம் உண்டு, ஆனா ஆரம்பிக்க அது போதும். ஒரு பாட்டை எடுத்து உங்க குழுவோட பாடிப் பாருங்க, அப்புறம் லியோன் பிரதில அதே மாதிரி நியூம் எங்கெங்க வருதுன்னு தேடுங்க. கண்ணு பழகிடும்.

குருத்தோலை:

கண்டிப்பா செய்யறேன். நவம்பர் மாசம் இறந்தவங்களுக்கான பூசைக்கு எங்க குழுவுல புதுசா ஏதாவது பாடலாம்னு பேச்சு இருக்கு, பங்குத்தந்தைகிட்ட கேட்டுட்டு அதுல ஒண்ணை வச்சுக்கலாம்னு இருக்கேன். நோட்டு எழுதினதும் இங்கயே போடுறேன், லத்தீன் உச்சரிப்பு யாராவது சரி பாத்துக் குடுங்க.