திறக்க மறுக்கும் கார் டிக்கி: ஹட்டனிலிருந்து ஓர் உதவி வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம். எங்களது 2012ஆம் ஆண்டு ஹைபிரிட் காரின் டிக்கி, நான்கு நாள் விடாமழைக்குப் பிறகு திறக்கவில்லை. இறப்பர் சுவிட்சை அழுத்தினால் வழக்கமான 'டக்' என்ற சத்தம்கூட இல்லை. ஆனால் மற்றக் கதவுகள் ரிமோட்டுக்குத் திறக்கின்றன, பற்றரியும் 12.5 வோல்ட் காட்டுகிறது, பியூஸும் எரியவில்லை.

ஆகவே பின் இருக்கைகளை மடித்து, டோர்ச்சுடன் உள்ளே தவழ்ந்து சென்று, டிக்கிக் கதவின் உட்புற அட்டையிலிருந்த சிறிய பிளாஸ்டிக் மூடியை, துணி சுற்றிய ஸ்க்ரூ டிரைவரால் கீறல் விழாமல் நெம்பி எடுத்தேன். அதற்குள் விரல் நுனியளவில் அவசர லீவர் இருக்கிறது. அது பாதித் தூரம் நகர்ந்து நின்றுவிடுகிறது. தம்பி வெளியிலிருந்து கதவைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்தபோதும் கொக்கி விடவில்லை. என் விரலில் செந்நிறத் துரு ஒட்டியது.

இன்னும் பலமாகத் தள்ளினால் லீவர் முறிந்துவிடும் என்று அஞ்சுகிறேன். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும்? கதவு மூடியிருக்கும் நிலையிலேயே அட்டையை உடைக்காமல் கழற்றியவர்கள் இருக்கிறீர்களா? கீலருகே உள்ள இறப்பர் உறைக்குள் வயர் அறுந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஸ்டெப்னியும் ஜாக்கியும் டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில் சிக்கியுள்ளன. வெள்ளிக்கிழமை அம்மாவை கிளினிக்குக்காகத் தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்; மாற்றுச் சக்கரமின்றி அந்த வளைவுகளில் அவரை ஏற்றிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. கொட்டகலை, டிக்கோயாப் பக்கம் வீட்டுக்கே வந்து பார்க்கக்கூடிய மெக்கானிக் எவரையேனும் அறிந்திருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.