‘யாழ்ப்பாணம்’ 11 எழுத்தாம்: தமிழ்ச் சொல் விளையாட்டைச் சரிசெய்ய உதவி தேவை

கோப்பாய் ரீச்சர்:

வணக்கம். எங்கள் பாடசாலைத் தமிழ் மன்றத்தில் தரம் 8, 9 பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சிச் சொல் விளையாட்டு ஒன்றைத் தமிழில் நடத்த விரும்புகிறோம். பிரித்தானியச் சனல் 4 இல் வரும் ‘கவுண்ட்டவுன்’தான் மாதிரி. இலண்டனில் மாமா, சித்தி என்று யாராவது இருக்கிற பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஒன்பது எழுத்துகள், 30 விநாடிகள், ஆக நீளமான சொல்லைக் கண்டுபிடிப்பவருக்குப் புள்ளி.

கணினி அறையில் விளையாடுவதற்காகக் கூகுள் விரிதாளில் ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, எழுத்துகளைக் கலைத்துக் காட்டி, பிள்ளை தட்டச்சு செய்யும் விடையைச் சரிபார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல் கொடுத்தால் ஒரு குறையும் இல்லை. தமிழ் கொடுத்தால் மூன்று தொல்லைகள். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லுக்கு 11 எழுத்து என்கிறது. கலைக்கும்போது காலும் புள்ளியும் தனியே கழன்று, புள்ளி வட்டத்தோடு அனாதையாக நிற்கின்றன. சில வேளைகளில் சரியான விடையையும் பிழை என்கிறது. கண்ணால் பார்த்தால் இரண்டு சொற்களுக்கும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. பிழை என்று திரையில் வந்ததும் பிள்ளையின் முகம் வாடிப்போகிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று. போட்டிக்கு முன் பிள்ளைகள் வீட்டிலிருந்து பயிற்சி செய்ய இணையத்தில் என்ன வழி இருக்கிறது?

வடமராட்சி நிரலர்:

ரீச்சர், விரிதாளில் கோளாறு இல்லை. அது எண்ணுவது எழுத்தை அன்று, குறியீட்டை. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 128. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் அதில் கொள்ளாது. அதனால் உயிர் 12, அகரமேறிய மெய்கள், ஆய்தம் ஆகியவற்றுக்குத் தனி இடம் கொடுத்து, ஆ முதல் ஔ வரை 11 உயிர்க்குறிகளையும் புள்ளியையும் பின்னால் ஒட்டும் துண்டுகளாக வைத்திருக்கிறார்கள். ‘யா’ என்பது ய, கால் என்று இரண்டு துண்டு. ‘ழ்’ என்பது ழ, புள்ளி என்று இரண்டு. இப்படிக் கூட்டினால் யாழ்ப்பாணத்துக்கு 11 துண்டுகள் வருகின்றன. உண்மையான எழுத்துகள் 6.

சரியான எண்ணிக்கை வேண்டுமானால், எண்ணுவதற்கு முன் ஒட்டுத் துண்டுகளை அகற்றிவிடுங்கள். விரிதாளில் ‘ரெஜெக்ஸ் ரிப்ளேஸ்’ என்ற சார்பு இருக்கிறது. அதில் தேட வேண்டிய கோலமாக [ா-்ௗ] என்று கொடுத்து, பதிலீட்டை வெறுமையாக விடுங்கள். கால் முதல் புள்ளி வரை எல்லாக் குறிகளும் அந்த வரிசைக்குள் அடங்கும். எஞ்சுவது ய ழ ப ப ண ம. அதை ‘லென்’ சார்புக்குக் கொடுத்தால் 6 என்று சொல்லும்.

கலைப்பதற்கும் இதே வழிதான். [ஃ-ஹ][ா-்ௗ]* என்ற கோலம் ஓர் அடியெழுத்தையும் அதைத் தொடரும் குறிகளையும் ஒன்றாகப் பிடிக்கும். பிடித்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டு, ‘ஸ்பிளிட்’ சார்பால் பிரித்து, பிறகு கலையுங்கள். கால் கழன்று ஓடாது. க்ஷ, ஸ்ரீ இரண்டும் மட்டும் இரண்டாக உடையும். அந்தச் சொற்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது நல்லது.

கோப்பாய் ரீச்சர்:

மிக்க நன்றி தம்பி. எண்ணிக்கையும் கலைத்தலும் சரியாகிவிட்டன. விடையைப் பிழை என்று சொல்வதுதான் தீரவில்லை. ‘கௌரவம்’, ‘கொடி’ போன்றவற்றில்தான் பெரும்பாலும் வருகிறது. பட்டியலின் ஒரு பகுதி பழைய வினாத்தாள்களிலிருந்து ஒட்டியது. அதில் சில வரிகள் தமிழாகவே தெரியவில்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கின்றன.

வடமராட்சி நிரலர்:

அரைப்புள்ளியைக் கண்டதுமே விளங்கிவிட்டது, அவை பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. நம்மூர் வினாத்தாள்களில் பாதி இன்னமும் பாமினியில்தான் இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளிப்பட்டுவிடும். பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் உண்டு, அதில் போட்டு எடுத்த பின்னரே பட்டியலில் சேருங்கள்.

‘கொடி’ விடயம் வேறு. ‘கொ’வை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சடித்தது போல் ஒன்றாகவே தெரியும். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பட்டியலிலும் விடையிலும் ெ, ா அடுத்தடுத்து வந்தால் ொ என்றும், ே, ா வந்தால் ோ என்றும் மாற்றும் சார்பு ஒன்றைச் சேருங்கள். ‘கௌரவம்’ இதைவிடச் சிக்கல். பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பு போட்டு ‘ள’ அடித்துவிடுகிறார்கள். ‘கெளரவம்’ என்று அடித்தால் கணினிக்கு அது கெ, ள, ர, வ, ம் என்ற வேறொரு சொல். இதை மாற்றுச் சார்பால் தீர்க்கப் போனால் ‘கெளிறு’ பாழாகிவிடும். அந்தச் சில சொற்களுக்கு இரண்டு வடிவத்தையும் விடைப் பட்டியலில் போட்டுவிடுங்கள்.

ஹரோவிலிருந்து:

கொக்குவிலில் பிறந்து இலண்டனில் இருப்பவன். பின்னேரங்களில் தவறாமல் கவுண்ட்டவுன் பார்ப்பவன் என்பதால் எழுதுகிறேன். 1982 நவம்பர் 2 ஆம் திகதி சனல் 4 தொடங்கிய நாளிலேயே தொடங்கிய நிகழ்ச்சி அது. 1965 இல் பிரான்சில் பிறந்த விளையாட்டின் வழிவந்தது.

நிரலர் தம்பி சொன்னவை அத்தனையும் சரி. ஆனால் ரீச்சர், உயிர்மெய்யை ஓர் அட்டையாக வைத்து இந்த விளையாட்டை நடத்தினால் விளையாட்டு எழும்பாது. ஒரு சொல்லைக் கலைத்துக் காட்டினால் அது புதிராகும். கவுண்ட்டவுனின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. போட்டியாளர் ‘உயிர்’, ‘மெய்’ என்று கேட்டுக் கேட்டு எழுத்தைத் தாமே எடுக்கிறார். என்ன வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. 247 அட்டைகளிலிருந்து குருட்டாம்போக்கில் ஒன்பதை எடுத்தால் ஙூ, ளௌ, ஞெ என்று கையில் வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு பிள்ளை 30 விநாடி என்ன செய்யும்?

உயிரையும் மெய்யையும் தனித்தனி அட்டையாக்குங்கள். க் ஒன்று, அ ஒன்று, சேர்ந்தால் க. நம் இலக்கணமே கட்டி வைத்திருக்கும் விளையாட்டு இது. ‘யாழ்ப்பாணம்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: ய் ஆ ழ் ப் ப் ஆ ண் அ ம். சரியாக ஒன்பது! நிகழ்ச்சியின் கடைசிச் சுற்றில் கொடுப்பதும் ஒன்பது எழுத்துப் புதிர்தான். நெடுந்தீவு, காரைநகர், கரவெட்டி, உடுப்பிட்டி ஆகியவையும் ஒன்பதுதான். கடற்கரையும் பனைமரமும்கூட. இவற்றைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஒரு சுற்றை மாதிரியாகத் தருகிறேன். எடுத்தவை க் அ ட் அ ல் ம் ஐ ர் இ. கடலை, கடமை, கரடி மூன்றும் ஆறு அட்டைச் சொற்கள். இதைவிட நீளமாக யாராவது கண்டால் இங்கே எழுதுங்கள்.

நான்கு உயிரும் ஐந்து மெய்யும் எடுப்பது தமிழுக்குப் பொருந்துகிறது. நான் சொன்ன ஊர்ப் பெயர்களில் யாழ்ப்பாணத்தைத் தவிர மற்றவை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. அட்டைக் கட்டுக்குள் அ நிறைய இருக்க வேண்டும், ஔ ஒன்று போதும். க், ட், த், ப் ஆகியவற்றில் பல படிகள் வேண்டும், இல்லாவிட்டால் பட்டம், பக்கம் ஒன்றுமே கட்ட முடியாது.

பயிற்சிக்கு: சனல் 4 இன் இணையச் சேவை பிரித்தானியாவுக்கு வெளியே திறக்காது. ஆங்கிலத்தில் பழக ‘ஆப்டெரஸ்’ என்ற தளம் இருக்கிறது. கவுண்ட்டவுன் போட்டியாளர்களே அங்கேதான் பழகுகிறார்கள். ஆளோடும் விளையாடலாம், தரம் தரமாக வைத்திருக்கும் கணினி எதிராளிகளோடும் விளையாடலாம். வல்லுநர்களோடு மோதினால் பிள்ளைகள் மனம் உடைந்துவிடும். ஆகக் குறைந்த தரத்துக் கணினியோடு தொடங்கச் சொல்லுங்கள்.

கொக்குவில் அம்மா:

ஹரோ அண்ணா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் மகன் தரம் 6. ‘கடலை’ என்பதைக் க் அ ட் அ ல் ஐ என்று மனத்துக்குள் உடைக்க அவனுக்கு நேரம் எடுக்கிறது. 30 விநாடியும் அதிலேயே போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கு உயிர்மெய் அட்டையே இருக்கட்டும்.

வட்டுக்கோட்டை ஓய்வாசிரியர்:

அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. தரம் 6, 7 க்குக் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள், அட்டையை மாற்ற வேண்டாம். பிறிஸ்டல் மட்டையில் வெட்டிய அட்டைகளை மேசையில் பரப்பி, கையால் நகர்த்த விடுங்கள். புணர்ச்சி இலக்கணம் படிக்கும்போது ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்று மனப்பாடம் செய்கிறார்களே, அதைக் கையால் செய்து பார்த்த பிள்ளை மறக்காது. நான் வகுப்பெடுத்த காலத்தில் இப்படி ஒன்று என் கையில் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இணையத்தில் தேடுவதற்கு முன் நன்னூலின் எழுத்தியலைத் திறவுங்கள். சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் 22, இறுதியில் வருபவை 24 என்று வரையறுத்திருக்கிறது. விளையாட்டுக்காரனுக்கு இதைவிடப் பெரிய குறுக்குவழி கிடையாது. ஹரோத் தம்பி தந்த சுற்றையே எடுப்போம். ட், ல், ர் மூன்றும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரமாட்டா. ஆகவே சொல் க் அல்லது ம் கொண்டு தொடங்க வேண்டும், அல்லது உயிரில் தொடங்க வேண்டும். வல்லின மெய்யில் சொல் முடியாது. ஆகவே க், ட் இரண்டும் கடைசியில் இல்லை. பார்த்த மாத்திரத்தில் பாதி வழிகள் அடைபட்டுவிட்டன. தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது.

அடுத்தது இன எழுத்து. ங் வந்தால் க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஞ் வந்தால் ச், ண் வந்தால் ட், ந் வந்தால் த், ம் வந்தால் ப், ன் வந்தால் ற். சோடியாகச் சேர்த்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, மீதி அட்டைகளை அதன் இருபுறமும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ம், ஐ, இ, உ என்று ஈறுகளை வைத்து முன்னோக்கித் தேடுவது. வீட்டில் ஒரு கடதாசியும் பென்சிலும் இருந்தால் போதும், டேட்டா தேவையில்லை.

நடுவர் மேசையில் அகராதி அவசியம். கவுண்ட்டவுனில் ஒக்ஸ்போர்ட் அகராதி சொல்வதுதான் முடிவு. நமக்கும் அப்படி ஒன்றை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் மேடைக்கு ஏறிவிடுவார்கள். 1992 இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பிள்ளைகளுக்கு ஏற்றது. இலங்கை வழக்குச் சொற்களைத் தனியே குறித்துத் தருவதால் நம் பிள்ளை வீட்டில் பேசும் சொல்லும் செல்லுபடியாகும். பெரிய சச்சரவு வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அதை இலவசமாகத் தேடலாம். மானிப்பாய் அகராதி என்று நாம் அழைக்கும் 1842 ஆம் ஆண்டு யாழ்ப்பாண அகராதி பெருமைக்குரியது, ஆனால் தரம் 8 க்கு அது வேண்டாம்.

தலைச்சொல் மட்டுமே ஏற்கப்படும் என்று விதி செய்யுங்கள். மரத்தை, மரத்தில், மரங்களோடு என்று வேற்றுமை உருபை ஒட்டிக்கொண்டே போனால் விளையாட்டு உருபு ஒட்டும் போட்டியாகிவிடும்.

கோப்பாய் ரீச்சர்:

ஐயா, எழுந்து நின்று வணங்குகிறேன். மன்றப் பிள்ளைகளோடு உயிர், மெய் அட்டைகளைப் போட்டுப் பார்த்தோம். ‘ஐயோ, இன்னொரு அ தாருங்கள்’ என்று கத்துகிறார்கள். மொழிமுதல் எழுத்தை வினாத்தாளுக்காக மட்டும் படித்த பிள்ளை ஒன்று, ‘ட் முதலில் வராது ரீச்சர், விட்டுவிடுவோம்’ என்று தன் குழுவுக்குச் சொன்னதை என் காதால் கேட்டேன்.

விரிதாளில் உயிர்மெய்யைத் தானாகப் பிரிக்க வழி உண்டா? ஆய்தத்தையும் ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளையும் என்ன செய்வது?

வடமராட்சி நிரலர்:

உண்டு ரீச்சர். 11 உயிர்க்குறிகளுக்கும் எதிரே அதற்குரிய உயிரை எழுதி ஒரு சிறு அட்டவணை வையுங்கள். அடியெழுத்தைத் தொடர்ந்து குறி வந்தால் மெய்யோடு அந்த உயிர். புள்ளி வந்தால் மெய் மட்டும். ஒன்றுமே வராவிட்டால் மெய்யோடு அ. அவ்வளவுதான் விதி. பைதான் தெரிந்த மாணவர் இருந்தால் ‘ஓப்பன் தமிழ்’ என்ற திறமூல நிரல் நூலகத்தை எடுக்கச் சொல்லுங்கள், எழுத்தெண்ணிக்கைக்கும் உயிர்மெய் பிரிப்புக்கும் அதில் ஆயத்தமான செயற்கூறுகள் இருக்கின்றன.

வட்டுக்கோட்டை ஓய்வாசிரியர்:

ஆய்தம் உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது. ‘உயிர்’ என்று கேட்டவருக்கு அதைக் கொடுக்க முடியாது. அட்டைக் கட்டுக்குள் அதைப் போட வேண்டாம். வடவெழுத்துகளையும் முதற்சுற்றுகளில் விட்டுவிடுங்கள். இறுதிச் சுற்றுப் புதிரில் மட்டும் ‘எஃகு’ போல ஒன்று வந்தால் அழகாக இருக்கும், அதை நடுவரே அட்டையில் வைத்துக் காட்டட்டும்.

ஹரோவிலிருந்து:

ரீச்சர், போட்டி நாளில் ஒளிப்பதிவு செய்து அனுப்புங்கள். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் இதே அட்டைக் கட்டை அடிக்கப் போகிறோம். இணையவழியாகக் கோப்பாய்க்கும் ஹரோவுக்கும் ஒரு போட்டி வைக்கலாம். நேர வித்தியாசத்தைப் பார்த்து உங்களுக்கு வசதியான பின்னேரத்தைச் சொல்லுங்கள், இங்கே நாங்கள் காலையில் கூடுகிறோம்.